பந்தயக் கார்களும் தொலைக்காட்சியும்

நரிக்குடியிலிருந்து திருச்சுழி நோக்கிச் செல்லும் சாலையை அறிந்தவர்கள் அந்த வறண்ட சீமையின் தோற்றத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். பனையும் சீமைக்கருவேலும், இடையிடையே நீர் வற்றிய கண்மாய்களும், அவற்றிற்கப்பால் மழையை எதிர்நோக்கிக் கிடக்கும் மானாவாரி நிலமும் கண்ணுக்கு எட்டிய தூரம் பரந்திருக்கும். இத்தகைய சாலைகளிலேதான் கோயில் விழாக்களை ஒட்டி மாட்டுவண்டி எல்கைப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று காளைகளை வகை பிரித்து, போகவர இத்தனை மைல் என்று எல்லை வகுத்து, கொடியசைத்து வண்டிகளை விடுவார்கள்.

சாலையோரத்தில் நிற்பவன் எதைக் காண்கிறான்? தொலைவில் ஒரு புழுதிப் படலம் எழுகிறது. ஆரவாரம் நெருங்கி வருகிறது. இமைப்பொழுதில் வண்டிகள் அவனைக் கடந்து போய்விடுகின்றன. அதன்பின் நெடுநேரம் வெறுஞ்சாலையே அவன் முன் கிடக்கிறது. எல்கையில் எந்த வண்டி முதலில் திரும்பிற்று, எந்தக் காளை களைத்தது, எந்தச் சாரதி எவ்விடத்தில் முந்தினான் என்பனவற்றையெல்லாம் பின்தொடர்ந்து சென்றவர்கள் வந்து சொல்லத்தான் அவன் கேட்டறிய வேண்டும்.

மாணவ நண்பர்களே! இந்தச் சிறு அநுபவத்தில் ஒரு பெரிய செய்தி அடங்கியிருக்கிறது. கால்பந்தாட்டமும் சடுகுடுவும் ஒரு திடலுக்குள் அடங்குபவை. ஓரத்தில் அமர்ந்தவன் முழு ஆட்டத்தையும் காணலாம். பந்தயமோ ஓடிக்கொண்டே செல்வது. நின்ற இடத்தில் காண்பவன் அதன் ஒரு துணுக்கை மட்டுமே காண்கிறான். மாட்டுவண்டிக்கு உள்ள இவ்வியல்பு மோட்டார்க் காருக்கு இன்னும் பன்மடங்கு பொருந்தும். ஒரு மோட்டார்ப் பந்தயத்தை முழுமையாகக் கண்ணுக்குக் காட்ட மனிதன் செய்த முயற்சிகளின் வரலாற்றையே இன்று சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

இவ்வரலாற்றில் முதலிடம் பெறுவது சொல்லேயாகும். 1927-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் வானொலி விளையாட்டுக்களை நேர்முகமாக வருணிக்கத் தொடங்கிற்று. பந்தயத்தில் அறிவிப்பாளரும் ஓரிடத்தில் நிற்பவரே. ஆயினும் பாதையின் பல இடங்களில் பலரை நிறுத்தி, ஒருவர்பின் ஒருவராகப் பேசச் செய்தால், கேட்பவர் மனத்தில் முழுப் பந்தயமும் உருவாகிவிடும். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 500 மைல் பந்தயத்திற்கென்றே 1952-இல் ஒரு வானொலி இணையம் அமைந்தது. காட்சியை நெடுங்காலம் மறுத்துவந்த அந்தப் பந்தயம், சொல்லை மட்டும் தாராளமாக எங்கும் பரவவிட்டது. அதன் காரணத்தைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

தொலைக்காட்சியின் கதை லண்டனில் தொடங்குகிறது. 1936 நவம்பர் 2-ஆம் நாள் அலெக்சாண்டிரா மாளிகையிலிருந்து பி.பி.சி.யின் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. அடுத்த ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தைக் காட்டுவதற்காக, நிலையத்திற்கு வெளியே சென்று படம்பிடிக்கும் ஒளிபரப்பு வண்டியைப் பயன்படுத்தினார்கள். அவ்வாண்டின் பிற்பகுதியில், லண்டன் கிரிஸ்டல் பாலஸ் பூங்காவில் நடைபெற்ற இம்பீரியல் டிராபி என்னும் மோட்டார்ப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். உலகில் தொலைக்காட்சி கண்ட முதல் மோட்டார்ப் பந்தயம் அதுவே எனக் கருதப்படுகிறது.

அக்காலத்துக் காமிராக்கள் பெருத்த எடையுடையவை. தடித்த கம்பி வடங்களால் வண்டியோடு பிணைக்கப்பட்டவை. ஆகவே அவை நகர இயலா. சாலையோரத்தில் நிற்கும் மனிதனைப் போலவே காமிராவும் நின்ற இடத்திலேயே நின்றது. லண்டனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருந்த சில ஆயிரம் பெட்டிகளிலேதான் அக்காட்சி தெரிந்தது. எனினும், பந்தயத் திடலுக்கு வராத ஒருவர் தம் வீட்டிலிருந்தபடியே கார்கள் ஓடுவதைக் கண்டார் என்பது அன்று ஒரு புதுமை. அதே ஆண்டில், அதே திடலில், லண்டன் கிராண்ட் பிரி பந்தயத்தில் வென்றவர் சயாம் நாட்டு இளவரசர் பீரா என்பதை நாம் நினைவிற்கொள்ளலாம். ஆசியர் ஒருவர் ஐரோப்பியப் பந்தயத் திடலில் முன்னணியில் நின்ற காலம் அது. 1939-இல் போர் மூண்டதும் லண்டன் தொலைக்காட்சி நிறுத்தப்பட்டது. 1946-இல்தான் மீண்டும் தொடங்கிற்று.

அடுத்த கட்டம் இண்டியானாபொலிஸ் நகருடையது. அங்குள்ள பந்தயப் பாதை நீள்வட்டமானது. சுற்றளவு இரண்டரை மைல். இருநூறு சுற்றுச் சுற்றினால் 500 மைல். 1949 மே 30-ஆம் நாள் அந்நகரின் முதல் தொலைக்காட்சி நிலையம் பிறந்தது. தன் முதல் நாள் ஒளிபரப்பாகவே அது இப்பந்தயத்தை நேரடியாகக் காட்டியது. மறு ஆண்டும் காட்டியது. அதன்பின் பந்தயத் திடலார் கதவை அடைத்துவிட்டார்கள். வீட்டிலேயே பந்தயத்தைக் காண இயலுமாயின், காசு கொடுத்துச் சீட்டு வாங்கித் திடலுக்கு வருபவர் யார் என்பதே அவர்களுடைய அச்சம். வானொலியின் சொல்லைக் கேட்டவன் நேரில் காண ஆசை கொள்வான். தொலைக்காட்சியில் கண்டவனுக்கோ அந்த ஆசை தணிந்துவிடும் என்று அவர்கள் எண்ணினார்கள் போலும்.

1964-இல் ஒரு நடுவழி பிறந்தது. பந்தயத்தைக் கம்பி வழியாகப் பல நகரத் திரையரங்குகளுக்கு அனுப்பி, அங்கே சீட்டு விற்றுக் காட்டலாயினர். 1971 முதல், பகலில் நடந்த பந்தயத்தைச் சுருக்கி, அன்று மாலையில் தொலைக்காட்சியில் காட்டினார்கள். 1986-இல்தான் நாடு முழுவதற்கும் நேரடி ஒளிபரப்புக் கிடைத்தது. அப்பொழுதும் உள்ளூராருக்கு அது மறுக்கப்பட்டது. 2016-இல் நூறாவது பந்தயம் நடந்தபோது சீட்டுக்களெல்லாம் விற்றுத் தீர்ந்தபடியால், 1950-க்குப் பிறகு முதன்முறையாக அந்நகர மக்கள் தங்கள் ஊர்ப் பந்தயத்தைத் தங்கள் வீட்டில் நேரடியாகக் கண்டார்கள். தன் வாயிலில் நடக்கும் விழாவைக் காண ஓர் ஊர் 66 ஆண்டுகள் காத்திருந்தது என்றால், காட்சி என்பது எத்துணை விலைமதிப்புள்ள பண்டம் என்பது விளங்கும்.

விலையைப் பற்றிப் பேசினோம். இப்பண்டத்தின் விலையை உயர்த்தியவர்களுள் சிகரெட் வணிகர்களும் அடங்குவர். 1965-இல் பிரிட்டன் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரத்தைத் தடை செய்தது. நேர்வழி அடைபட்டதும் அவர்கள் வேறு வழி தேடினார்கள். 1968-இல் லோட்டஸ் அணியின் கார்கள் ஒரு சிகரெட்டின் பெயரையும் நிறத்தையும் பூண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடின. அமெரிக்காவில் 1971 தொடக்கத்தில் இதே தடை வந்தது. அவ்வாண்டிலேயே ஒரு பெரிய சிகரெட் நிறுவனம் நாஸ்கார் என்னும் பந்தயத் தொடருக்குப் பொருள் வழங்க முன்வந்தது. விளம்பரத்தைக் காட்டக் கூடாது என்றது சட்டம். ஓடும் காரைக் காட்டக் கூடாது என்று அது சொல்லவில்லை! பந்தயத்தைக் காட்டிய காமிரா, தன்னையறியாமலோ அறிந்தோ, புகையிலையின் பெயரையும் வீடுதோறும் கொண்டு சென்றது. ஐரோப்பாவில் இவ்வழி முற்றிலும் அடைபட 2005 ஆயிற்று. திரையில் காண்பனவற்றுள் எது விளையாட்டு, எது வாணிகம் என்று பகுத்தறியும் பழக்கம் மாணவர்களுக்கு இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி 1976-ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் ஜெர்மனியின் நூர்புர்கிரிங் பாதையில் ஆஸ்திரிய வீரர் நிக்கி லௌடாவின் கார் விபத்துக்குள்ளாகித் தீப்பற்றிற்று. அப்பாதை மலைக்காடுகளினூடே ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளுவது. அத்தனை நீளத்திற்கும் மருத்துவ உதவியை அமர்த்துவதும் அரிது. காமிராக்களை அமர்த்துவதும் அரிது. விபத்து நிகழ்ந்த இடத்தில் தொலைக்காட்சியின் கண் இல்லை. சாலையோரத்தில் நின்ற ஒரு பார்வையாளர் தம் கைக்காமிராவில் எடுத்த சுருள்படமே அந்நிகழ்ச்சிக்குச் சான்றாக உலகிற்குக் கிடைத்தது. பின்னால் வந்த ஓட்டுநர்கள் தம் கார்களை நிறுத்திவிட்டு ஓடி, லௌடாவைத் தீயிலிருந்து இழுத்துக் காத்தார்கள். அதற்குப் பிறகு அந்த நீண்ட பழம்பாதையில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடைபெறவே இல்லை.

அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள் ஜப்பானின் ஃபூஜி மலையடியில் இறுதிப் பந்தயம் நடந்தது. தீக்காயம் ஆறியும் ஆறாமலும் மீண்டு வந்திருந்த லௌடா, கொட்டும் மழையில் ஓடுவது உயிருக்கு ஆபத்து என்று தாமே விலகிக்கொண்டார். ஜேம்ஸ் ஹண்ட் ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் உலக வீரரானார். செயற்கைக்கோளின் துணையால் அக்காட்சி பல நாடுகளுக்குச் சென்றது. ஒரு மனிதன் இறப்பின் வாயிலிலிருந்து மீண்டு வந்து போட்டியிட்ட அந்தக் கதை, பந்தயம் அறியாதவர்களையும் ஈர்த்தது. 1978 முதல் பி.பி.சி. அப்பந்தயத் தொடரை முறையாகக் காட்டத் தொடங்கிற்று. மர்ரே வாக்கர் என்னும் வருணனையாளரின் குரல் அதனோடு பிரிக்கவொண்ணாதபடி இணைந்தது. அவரும் வானொலியில் வளர்ந்தவரே.

1979-ஆம் ஆண்டு இரு திருப்பங்களைக் கண்டது. பிப்ரவரி 18-ஆம் நாள் அமெரிக்காவில் டேடோனா 500 மைல் பந்தயம் முதன்முறையாகத் தொடக்கமுதல் இறுதிவரை நாடு முழுவதும் நேரடியாக ஒளிபரப்பப்பட்டது. அன்று அந்நாட்டின் கிழக்குப் பகுதியைப் பெரும் பனிப்புயல் தாக்கியதால் மக்கள் வீட்டைவிட்டு வெளியே செல்ல இயலாமல் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தார்கள். கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த இரு கார்கள் மோதிக்கொள்ள, பின்னால் வந்த ரிச்சர்டு பெட்டி வெற்றி பெற்றார். தென் மாநிலங்களின் விளையாட்டாகக் கருதப்பட்ட ஒன்று அன்று நாட்டின் விளையாட்டாயிற்று.

மற்றொரு திருப்பம் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. பாதர்ஸ்ட் மலைப்பாதையில் நடந்த பந்தயத்தில், சிட்னியின் ஒரு தொலைக்காட்சி நிலையத்தார் ஓடும் காருக்குள்ளேயே காமிராவைப் பொருத்தினார்கள். காரிலிருந்து புறப்பட்ட அலைகளை மேலே பறந்த ஹெலிகாப்டர் ஏற்று நிலையத்திற்கு அனுப்பிற்று. ஓட்டுநர் வண்டியைச் செலுத்திக்கொண்டே பார்வையாளரோடு பேசினார். 1937-இல் நின்ற இடத்தில் நின்ற காமிரா, 42 ஆண்டுகளில் சாரதியின் அருகில் ஏறி அமர்ந்துவிட்டது. நரிக்குடிச் சாலையில் நின்றவனின் குறை இங்கே தீர்ந்தது எனலாம். திடலில் அமர்ந்திருப்பவரைக் காட்டிலும் வீட்டிலிருப்பவர் பந்தயத்தை நன்கு காணும் நிலை பிறந்தது.

இதே காலத்தில் நம் நாட்டின் நிலை என்ன என்று நீங்கள் கேட்கலாம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் அவ்வோடுதளத்தையே பந்தயப் பாதையாக்கினார்கள். ஆண்டுதோறும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அங்கே ஓடின. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வீரர்கள் வந்தார்கள். மக்கள் பெருந்திரளாகக் கூடினார்கள். இந்திய மோட்டார்ப் பந்தயத்தின் தலைநகரம் சோழவரமே என்று சொல்லும் அளவிற்கு அதன் புகழ் ஓங்கிற்று.

ஆனால் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள்தான். ஆகவே சோழவரத்தின் முதல் இருபது ஆண்டுக் காலப் பந்தயங்களைத் தொலைக்காட்சியில் கண்டவர் எவரும் இலர். கண்டவர்களின் நினைவிலும், பத்திரிகைகளின் பழைய ஏடுகளிலும், குடும்பங்களின் புகைப்படத் தொகுதிகளிலுமே அவை வாழ்கின்றன. இங்கிலாந்தில் ஒரு வீரர் ஒரு வளைவில் எப்படித் திரும்பினார் என்பதை இன்றும் படத்தில் காணலாம். நம் சோழவரத்தில் நம்மவர் திரும்பியதைக் காண வழியில்லை. காட்சி பதிவாகாத வரலாறு, அதைக் கண்டவர்களோடு சேர்ந்து மறைந்துவிடும் தன்மையது.

தென்மாவட்டங்களுக்குத் தொலைக்காட்சி இன்னும் காலந்தாழ்ந்தே வந்தது. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபின், இராமநாதபுரச் சீமையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வசதியுள்ள வீட்டார் உயரமான கம்பம் நட்டு, ஆன்டெனா கட்டி, கடலைக் கடந்து வந்த அந்தக் காட்சியைக் கண்டார்கள். அதே ஆண்டில் டெல்லியிலிருந்து செயற்கைக்கோள் வழியாக நாடு தழுவிய நிகழ்ச்சிகளும், வண்ண ஒளிபரப்பும் தொடங்கின. 1990-களில் கேபிள் வடம் சிற்றூர்களை எட்டியபோது, உலகத்துப் பந்தயங்களும் அதன் வழியே வந்தன. 1990-இல் சென்னைச் சங்கத்தார் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான பந்தயப் பாதையை அமைத்தார்கள்.

அதன் பயன் விரைவில் வெளிப்பட்டது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 மார்ச் மாதம் ஆஸ்திரேலியாவில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள் இண்டியானாபொலிஸில் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஒரு நிறுவனத்தின் டயர்கள் அப்பாதையின் வேகத்தைத் தாங்கா என்று அறிந்ததால், பதினான்கு கார்கள் பந்தயம் தொடங்குமுன் விலகிக்கொண்டன. எஞ்சிய ஆறு கார்களே ஓடின. அவற்றுள் நான்காவதாக வந்த நரேன் ஐந்து புள்ளிகள் பெற்றார். நம் நாட்டில் அப்பொழுது நள்ளிரவை நெருங்கும் நேரம். 1949-இல் அந்நகர மக்களுக்கு மட்டும் தெரிந்த அந்தப் பந்தயத் திடலில், ஒரு தமிழ்நாட்டு இளைஞர் ஓடுவதைத் தமிழ்நாட்டார் தம் வீட்டுத் திரையில் கண்டார்கள்.

2010-இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அதே வரிசையில் சேர்ந்தார். அவருடைய பாட்டனார் சென்னைச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். பின்னர் கருண் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பந்தயங்களை விளக்கியுரைக்கும் பணியை ஏற்றார். மர்ரே வாக்கர் பேசிய நாட்டில் ஒரு சென்னைக் குரல் பந்தயத்தை விளக்குவது நமக்குப் பெருமையளிக்கும் செய்தியன்றோ? 2011 அக்டோபர் 30-ஆம் நாள் டெல்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அது நின்றுபோயிற்று. 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய நகரச் சாலைகளிலேயே, இரவில் விளக்கொளியில், ஃபார்முலா நான்கு பந்தயம் நடத்தப்பட்டது.

இவ்வளவும் கூறியபின் ஒரு கடினமான வினா எஞ்சி நிற்கிறது. ஆபத்து நிறைந்த ஒரு விளையாட்டை வீடுதோறும் காட்டுவது நன்றா? 1964-இல் இண்டியானாபொலிஸ் பந்தயத்தைத் திரையரங்குகளில் கண்டவர்கள், இரண்டாம் சுற்றிலேயே கார்கள் மோதித் தீப்பற்றி இருவர் உயிரிழந்த கோரத்தைக் கண்டார்கள். 1994 மே முதல் நாள் இத்தாலியின் இமோலாவில் அயர்ட்டன் சென்னா சுவரில் மோதி இறந்ததை உலகமே நேரடியாகக் கண்டது. அதற்கு முந்திய நாள் ரோலண்டு ராட்சன்பெர்கர் என்பவரும் அங்கே மாண்டிருந்தார். ஆயினும், உலகம் கண்ட காரணத்தினாலேயே அச்சாவுகளை மறைக்கவோ மறக்கவோ இயலவில்லை. பாதைகளின் வளைவுகள் மாற்றப்பட்டன. ஓட்டுநரின் கழுத்தையும் தலையையும் காக்கும் ஏற்பாடுகள் வளர்ந்தன. ஹாலோ என்னும் காப்பு வளையம் 2018 முதல் கட்டாயமாயிற்று.

2020 நவம்பர் 29-ஆம் நாள் பஹ்ரைனில் ரொமெய்ன் குரோஷானின் கார் தடுப்பைப் பிளந்து தீப்பிழம்பாயிற்று. 28 நொடிகள் தீயினுள் இருந்த அவர் உயிரோடு வெளியே வந்தார். அவர் பிழைத்தார் என்பது தெரியும்வரை ஒளிபரப்பாளர்கள் அவ்விபத்தை மீண்டும் காட்டவில்லை. இந்தத் தயக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காமிராவைக் கையிலேந்தியவனுக்குக் காட்டும் திறமை எவ்வளவு வேண்டுமோ, காட்டாதிருக்கும் பண்பும் அவ்வளவு வேண்டும். ஓட்டுநருக்கும் ஒரு வீடுண்டு. அவ்வீட்டிலும் ஒரு தொலைக்காட்சியுண்டு.

மீண்டும் நரிக்குடிச் சாலைக்கு வருவோம். 2014-இல் நீதிமன்றத் தடையால் மாட்டுவண்டிப் பந்தயங்கள் நின்றன; 2017-இல் தமிழ்நாடு இயற்றிய சட்டத்தால் மீண்டன; 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. இன்று எல்கைப் பந்தயம் நடக்கும் சாலைகளில், மோட்டார் சைக்கிளின் பின்னே அமர்ந்த இளைஞர்கள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வண்டிகளைப் பின்தொடர்கிறார்கள். அக்காட்சியை வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ள உறவினர்கள் உடனுக்குடன் காண்கிறார்கள். பெரும் பொருட்செலவில் பல நாடுகள் கண்ட வித்தை, ஓர் எளிய சிற்றூர் இளைஞனின் கையில் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் கையில் வந்ததாலேயே அது நிலைத்துவிடாது. காட்சியோடு ஆண்டும் நாளும், ஊரும், காளைகளை வளர்த்தவர் பெயரும், சாரதியின் பெயரும் சேர்த்து எழுதி வைக்கப்படாவிடில், நூறு ஆண்டுகட்குப் பின் அது வெறும் புழுதிப் படமாகவே தோன்றும். பின்தொடர்ந்து படமெடுக்கும் ஆவலில் காளைகளை மிரட்டினாலோ, ஓடுபவர் உயிருக்கு இடையூறு விளைத்தாலோ, அப்படத்தால் ஊருக்குப் பெருமையும் இல்லை.

நீங்கள் படிக்கும் பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய பந்தயங்களைக் கண்ட முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சோழவரத்திற்குச் சென்று வந்தவர்களும் நாட்டில் ஆங்காங்கே இருக்கக்கூடும். விடுமுறை நாளொன்றில் அவர்களிடம் சென்று அமர்ந்து கேளுங்கள். கேட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். காமிரா சென்றடையாத காலத்தின் பந்தயங்களை நாம் இனிக் காண்பதற்கு அவர்களுடைய சொல்லைத் தவிர வேறு கண் இல்லை.